தறிச் சத்தம் தாலாட்டா?

கேள்வி:

அன்புள்ள அக்கா, நான் எம்.ஏ. இதழியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஊர் பள்ளிபாளையம் பக்கம். அப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தினமும் டீக்கடையில் ஒரு வரி விடாமல் பேப்பர் படிப்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசையே வந்தது. ஃபீஸ், ஹாஸ்டல் எல்லாம் எப்படியோ கட்டிவிடுகிறார். ஆனால் இங்கே வந்த பிறகு குழப்பம்தான் மிச்சம். வகுப்பில் தகவல் தொடர்புக் கோட்பாடு, ஊடகச் சட்டம், இதழியல் வரலாறு என்று நோட்ஸ் எழுதிக் கை வலிக்கிறது. கோடை விடுமுறையில் ஒரு நாளிதழில் முப்பது நாள் பயிற்சிக்குப் போனேன். பிரஸ் நோட்டுகளைச் சுருக்கி டைப் அடிக்க வைத்தார்கள். "காலேஜில் படித்ததை எல்லாம் மறந்துவிட்டு வா" என்றார் ஒரு சீனியர். பேராசிரியரிடம் சொன்னால், "அவர்களுக்கு என்ன தெரியும்" என்கிறார். எங்கள் துறையின் பயிற்சி இதழ்தான் ஒரே ஆறுதல். 'ஓர் உழைப்பாளியின் ஒரு நாள்' என்ற தலைப்புக்கு அப்பாவைப் பற்றி எழுதினேன். அவருக்குக் காது சரியாகக் கேட்காது, போனில் பேசுவது கஷ்டம், எனக்குத் தெரிந்ததுதானே என்று நானே எழுதிவிட்டேன். 25க்கு 22 மதிப்பெண், வகுப்பிலேயே அதிகம். நகல் இணைத்திருக்கிறேன். எழுத வருகிறதுதானே? தியரியும் பிராக்டிகலும் ஒட்டாத இந்தப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமா?

- பெயர் வேண்டாம், நாமக்கல் மாவட்டம்

பதில்:

மாதத்துக்கு நாலு கடிதமாவது இப்படி வருகிறது. இதழியலை எடுத்துவிட்டு இன்ஜினியரிங், நர்சிங், சட்டம் என்று எதைப் போட்டாலும் அதே கடிதம்தான். வகுப்பில் சொல்வது வேலையிடத்தில் இல்லை, வேலையிடத்தில் கேட்பது வகுப்பில் இல்லை. "கவலைப்படாதே, எல்லாம் சரியாகும்" என்று நாலு வரி எழுதி உன்னை அனுப்பியிருப்பேன். அந்த ஜெராக்ஸை நீ இணைத்திருக்கக் கூடாது. கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டு அதைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

எழுத வருகிறது. அதில் சந்தேகமே இல்லை. விடியற்காலையில் பஞ்சுத் தூசி ஒட்டிய சட்டையோடு அவர் வாசலில் நின்று உதறிவிட்டு உள்ளே வருவதை எழுதியிருக்கிறாய். அது நீ பார்த்தது. மூன்றாவது பத்தியில் இப்படி இருக்கிறது: "'தறிச் சத்தம்தான் எனக்குத் தாலாட்டு' என்கிறார் சிரித்தபடி."

அப்பா அப்படிச் சொன்னாரா?

சொல்லவில்லை. நீயே கடிதத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறாய், போகிற போக்கில், ஏதோ பஸ் லேட் என்று சொல்வதுபோல. காது கேட்காது, பேசுவது கஷ்டம், அதனால் நானே எழுதிவிட்டேன். மேற்கோள் குறி போட்டு, 'சிரித்தபடி' என்று சேர்த்து, அவர் வாயில் நீ ஒரு வசனத்தை வைத்திருக்கிறாய். அதுவும் எந்த வசனம்? அவர் காதைத் தின்ற சத்தத்தையே அவர் தாலாட்டு என்று கொஞ்சுவதுபோல ஒரு வசனம். படித்தவுடன் எனக்கு வந்த கோபத்தை இங்கே முழுதாக எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார்.

அவருக்குக் காது ஏன் கேட்கவில்லை என்று என்றைக்காவது யோசித்தாயா? வயதானால் அப்படித்தான் என்று விட்டிருப்பாய். தறி ஓடும் பட்டறைக்குள் பக்கத்தில் நிற்பவரிடம் பேசக் காதோடு வாய் வைத்துக் கத்த வேண்டும். எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் என்பது நம் தொழிற்சாலை விதிகள் வைத்த எல்லை. நாடா (ஊடுநூலை இழுத்துக்கொண்டு பாயும் கட்டை) அடித்து ஓடும் தறிகள் வரிசையாக நிற்கிற கொட்டகை அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். அதில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். உள்காதில் இருக்கும் நுண்ணிய உணர்செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைப்பதில்லை. அப்புறம், ஒன்று தெரிந்துகொள். இரைச்சலால் போகும் காது, எல்லாச் சத்தத்தையும் ஒரே சமயத்தில் இழக்காது. மெல்லிய, உயர்ந்த சுருதிதான் முதலில் மங்கும். பெண்கள் பேச்சு, குழந்தைகள் பேச்சு. டீக்கடையில் பக்கத்து பெஞ்சுக்காரர் பேசுவது அவருக்குப் புரிந்துகொண்டிருந்த காலத்திலேயே உன் குரல் பிசிற ஆரம்பித்திருக்கும்.

காது மந்தமான ஒருவர் வீட்டில் இருந்தால் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். முதலில் இரண்டு தடவை சொல்வோம். பிறகு சத்தமாகச் சொல்வோம். பிறகு அவர் "என்ன?" என்று கேட்டால் "ஒண்ணுமில்லப்பா" என்று கையசைப்போம். அந்த "ஒண்ணுமில்ல"யில் ஒரு மனிதர் தன் வீட்டிலேயே விருந்தாளி ஆகிவிடுவார். நீ செய்ததும் அதுதான். மேற்கோள் குறிக்குள் செய்திருக்கிறாய், அவ்வளவுதான்.

இன்னொரு சொல். "எப்படியோ கட்டிவிடுகிறார்." இதழியல் வகுப்பில் முதல் வாரமே கரும்பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள்: யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி. கடைசிக் கேள்விக்கு உன் சொந்த வாழ்க்கையில் நீ எழுதிவைத்திருக்கும் பதில் 'எப்படியோ'. உங்கள் பக்கத்துப் பட்டறைகளில் முன்பணம் என்று ஒன்று உண்டு. கல்யாணம், ஆஸ்பத்திரி, படிப்பு என்று முதலாளியிடம் மொத்தமாக வாங்கிவிட்டு, கூலியில் கழித்துக்கொண்டே இருப்பார்கள். கழிந்து முடியும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. உன் ஃபீஸ் அப்படி வந்ததா? வராமலும் இருக்கலாம், சீட்டு எடுத்திருக்கலாம், அம்மாவின் தோடு போயிருக்கலாம். நீ கேட்கவில்லை என்பதுதான் என் புகார். பெற்றவர்கள் சொல்லாமல் மறைப்பார்கள். அது அவர்கள் பெருமை. கேட்டுத் தெரிந்துகொள்வது பிள்ளையின் கடமை. பழைய காலத்து ஆள் என்று என்னைத் திட்டினாலும் சரி, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சரி, தியரியும் பிராக்டிகலும்.

இந்தச் சண்டை உன் துறையில் பிறந்ததல்ல. 1908இல் அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தில் இதழியல் பள்ளி தொடங்கியபோது, வகுப்பு ஆரம்பித்த அன்றே மாணவர்கள் தயாரித்த செய்தித்தாளும் வெளிவந்தது. சும்மா பயிற்சிக்கு அச்சடித்து அலமாரியில் அடுக்குவதற்காக அல்ல, ஊர்க்காரர்கள் படிப்பதற்காக. ஊர் படிக்கிற பேப்பரில் ஒருவர் சொல்லாததைச் சொன்னதாகப் போட்டால், அவர் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். வகுப்பில் சொன்ன நெறி அந்த நிமிடம் புரிந்துவிடும். உங்கள் பயிற்சி இதழை யார் படிக்கிறார்கள்? நீங்கள் எழுதி, நீங்களே படித்து, ஆசிரியர் மதிப்பெண் போட்டு முடிந்தது. அதில் வருகிற ஆளுக்கு ஒரு பிரதி போகிறதா? உன் அப்பாவுக்கே போகவில்லை என்றுதான் நினைக்கிறேன். அனுப்பியிருந்தால் அவர் என்ன சொன்னார் என்று இரண்டு பக்கம் எழுதியிருப்பாய். 22 போட்ட ஆசிரியரையும் விடுவதாக இல்லை. "இதை அவர் எப்போது, எங்கே உட்கார்ந்து சொன்னார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், நீ எனக்குக் கடிதம் எழுதவேண்டி வந்திருக்காது.

இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நடத்தை நெறிகளைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருப்பாய். முதல் நெறியே துல்லியமும் நேர்மையும்தான். அதை எழுதிப் பத்து மதிப்பெண் வாங்கிய கையால்தான் அந்தத் தாலாட்டையும் எழுதினாய். இரண்டும் ஒட்டவில்லை என்று புலம்புகிறாயே, ஒட்டவேண்டிய இடம் உன் கைதான்.

ஊடகச் சட்ட நோட்ஸை எடு. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 அதில் இருக்கும். இப்போது அப்பாவைப் பார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையிலேயே அரசுக்கு அறிவிக்கவேண்டிய தொழில்நோய்களில் ஒன்றாக இருந்தது, அதன் இடத்துக்கு வந்த சட்டத்திலும் அப்படித்தான். ஒரு மருத்துவர் அதைக் கண்டால் எழுதி அனுப்பவேண்டும். உன் மாவட்டத்தில் கடந்த ஐந்து ஆண்டுகளில் அப்படி எத்தனை பேர் அறிவிக்கப்பட்டார்கள்? தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு மனு. 30 நாளில் பதில் தரவேண்டும். பதில் பூஜ்யம் என்று வந்தால் அதுவே செய்தி. ஏன் பூஜ்யம் என்று தேடினால் இன்னொன்று கிடைக்கும். மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் தொழிற்சாலைச் சட்டம் உள்ளேயே நுழைந்தது. அதன் இடத்துக்கு 2025 நவம்பரில் அமலுக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அதை இருபதாக்கிவிட்டது. நாலு பேர் நிற்கிற கொட்டகைக்குள் எந்தச் சட்டம் வரும், எது வராது? கோட்பாடு, சட்டம், களம் எல்லாம் உன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. நீ அதைத் தாண்டிப்போய் ஹாஸ்டலில் உட்கார்ந்து தாலாட்டு எழுதினாய்.

நான் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு குடிசைத் தீ விபத்துக்குப் போனேன். எரிந்த இடத்தில் ஒரு பாட்டி நின்றிருந்தார். ஏதோ முனகினார். பக்கத்தில் போய்க் கேட்க நேரமில்லை, ஆறு மணிக்குள் செய்தி கொடுக்கவேண்டும். "'எல்லாம் போச்சே' என்று கதறினார்" என்று எழுதினேன். நாலு பத்தியில் வந்தது, பாராட்டினார்கள். அடுத்த வாரம் நிவாரணச் செய்திக்காக மறுபடி போனபோது யாரோ அதைப் பாட்டிக்குப் படித்துக் காட்டியிருந்தார்கள். "நான் அப்படிச் சொல்லலியே கண்ணு, ரேசன் கார்டு எங்கன்னுதான கேட்டேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கதறல் நான் கற்பித்தது. அவர் கேட்டது, அடுத்த மாத அரிசியை. எவ்வளவு பெரிய செய்தியை விட்டுவிட்டேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. யாரும் என்னைத் தண்டிக்கவில்லை, மறுப்பும் வெளியிடவில்லை. அந்தச் செய்தி இன்னும் அந்தப் பழைய பேப்பர்க் கட்டுக்குள் அப்படியேதான் இருக்கும்.

நாளிதழ்ப் பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரஸ் நோட்டைச் சுருக்குவது கேவலமான வேலை அல்ல. முப்பது நாளும் நீ சுருக்கிய நோட்டுகளில் எத்தனைக்குப் போன் போட்டுச் சரிபார்த்தாய் என்று மட்டும் கேட்டுக்கொள். "படித்ததை மறந்துவிட்டு வா" என்ற அந்த சீனியர், பாவம், அவருக்கும் யாரோ அப்படிச் சொல்லியிருப்பார்கள். யூடியூப் சேனல் ஆரம்பிப்பதானால் ஆரம்பி. ஆனால் மைக்கை நீட்டினால் எதிரில் இருப்பவர் பேசுவதற்குக் காத்திருக்கவேண்டும், அது உனக்கு இன்னும் வரவில்லை. படிப்பை இப்போது விடக்கூடாது. ஒரு செமஸ்டர் பாக்கி வைத்துவிட்டு ஓடுவதற்காக அந்த மனிதர் இரவெல்லாம் தறியில் அறுந்த பாவு நூலைப் பிணைத்துக்கொண்டு நிற்கவில்லை.

திங்கள்கிழமை ஆசிரியரிடம் போய் அந்த வரி அப்பா சொன்னதில்லை என்று சொல்லிவிடு. மதிப்பெண்ணைக் குறைத்தால் குறைக்கட்டும். அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்.

அப்புறம் பட்டறை லீவு நாளாகப் பார்த்து ஊருக்குப் போ. போனில் வேண்டாம், நேரில். வெளிச்சம் உன் முகத்தில் விழுகிற மாதிரி அவர் எதிரில் உட்கார். கத்தாதே, நிதானமாகப் பேசு. தறிக்காரர்களுக்கு உதட்டசைவைப் படிக்கத் தெரியும், சத்தத்துக்குள் அப்படித்தான் பேசிப் பழகியிருப்பார்கள். புரியாததைத் தாளில் எழுதிக் காட்டு, பேப்பரை வரி விடாமல் படிக்கிறவருக்கு உன் கையெழுத்தா புரியாது? அம்மாவை இடையில் பதில் சொல்ல விடாதே. எந்த வருஷத்தில் காது மங்கியது, யார் முதலில் கவனித்தார்கள், முதலாளியிடம் சொன்னாரா, ஃபீஸ் எங்கிருந்து வந்தது, எல்லாவற்றையும் கேள். மறுநாள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காதைச் சோதித்து, அந்த அறிக்கையைக் கையில் வாங்கு. காதுக் கருவி உதவுமா என்று அவர்கள் சொல்வார்கள். இதைப் பிராக்டிகல் என்று நினைத்துச் செய்யாதே, மகளாகச் செய்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால், போனதும் முதல் வேலையாக, அந்தப் பயிற்சி இதழை அவர் கையில் கொடுத்து உட்கார். மூன்றாவது பத்திக்கு அவர் வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடாதே.