இருபது பவுண்டு இடைவெளி

அன்புள்ள ஐயா,

எங்கள் வீட்டு பிரஷர் பம்ப், ஒரு வாளி நிறைவதற்குள் நான்கைந்து முறை ஓடி நிற்கிறது. மின்முனைகள் கருகி, நீரின் அழுத்தத்தைப் பார்த்துப் பம்பை ஓட்டி நிறுத்தும் பிரஷர் ஸ்விட்சை இரண்டு முறை மாற்றிவிட்டேன். சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு அழுத்தத்தில் ஓடத் தொடங்கி 50-இல் நிற்கும் துல்லியமின்மையைக் குறைக்க, ஸ்விட்சின் நட்டின் மேலிருந்த சிவப்புப் பெயின்டைச் சுரண்டிவிட்டுச் சிறிய நட்டைத் தளர்த்தினேன், இன்னும் மோசமாயிற்று. சென்சார்கள் வந்துவிட்ட காலத்தில் ஸ்பிரிங்கை நம்பி ஏன் இன்னும் செய்கிறார்கள்?

அன்புள்ள தம்பிக்கு,

கோளாறு பெரும்பாலும் பம்போடு இணைந்த அழுத்த டாங்கில் இருக்கும்; அதில் அடைத்த காற்று குறைந்துவிட்டால், கொஞ்சம் நீர் எடுத்ததுமே அழுத்தம் இறங்கிப் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். பம்பை நிறுத்தி, நீரை முழுவதும் வடித்துவிட்டு, டாங்கின் வால்வில் காற்றழுத்தத்தைப் பாருங்கள். 28 பவுண்டு இருக்க வேண்டும். சென்சார் வைத்தாலும் பெரும்பாலும் கடைசியில் ஒரு ரிலேயின், அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்சின், முனைகள்தாம் மூடித் திறக்க வேண்டும் என்பதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன்.

என்னை எழுத வைத்தது ‘துல்லியமின்மை’ என்ற உங்கள் சொல். ஸ்விட்சின் அடியில் டயாபிரம் என்னும் ரப்பர் சவ்வு இருக்கிறது. அதன் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர் என்று கொண்டால், 50 பவுண்டு அழுத்தத்தில் ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு நிகரான விசையோடு அது பெரிய ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளும். டயாபிரம் மெல்லத்தான் நகரும்; மின்முனைகள் மெல்லப் பிரியக் கூடாது. மயிரிழை இடைவெளியில் அவை தயங்கி நின்றால், தீப்பொறி அணையாமல் எரிந்து வெள்ளிக் கலவை முனைகளை உருக்கிவிடும். அதனால்தான், விசை ஓர் எல்லையைத் தாண்டும்வரை அசையாமலிருந்து, தாண்டியதும் ‘டிக்’கென்று மறுபக்கம் துள்ளி விழும்படி நெம்புகோலை அமைக்கிறார்கள். துள்ளியது திரும்பி வர, அழுத்தம் நன்றாக இறங்கியாக வேண்டும். நீங்கள் பிழை என்று நினைத்த இடைவெளி அப்படி வேண்டுமென்றே வைக்கப்பட்டது. மோட்டாருக்கு ஓய்வு தருவதும் அதுவே. ஓடும்போது எடுக்கும் மின்னோட்டத்தைப் போல் ஐந்தாறு மடங்கை மோட்டார் தொடங்கும் கணத்தில் இழுக்கும்; ஒரு வாளிக்கு நான்கைந்து முறை இழுக்கவிட்டால் முனைகள் கருகாமல் என்ன செய்யும்?

பெயின்டைச் சுரண்டியதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இளம் வயதில், கோவையில் இந்த ஸ்விட்சுகள் செய்யும் ஒரு சிறிய பட்டறையில் வேலை பார்த்தேன். ஸ்பிரிங் கம்பியின் தடிமன் நூற்றில் ஒரு பங்கு கூடினால் அதன் விறைப்பு நூற்றுக்கு நான்கு கூடிவிடும், ஏனெனில் விறைப்பு தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 2 மில்லிமீட்டர் கம்பியில் அது வெறும் 0.02 மில்லிமீட்டர், 50 பவுண்டில் நிற்க வேண்டியது 52-இல் நிற்கும். ஒரே சுருளில் வெட்டிய கம்பிகளே ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு ஸ்விட்சையும் தனித்தனியாகத்தான் செட் செய்தாக வேண்டும். அங்கே அந்த வேலையைச் செய்த அக்கா, அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்தபடி காற்று வால்வை நூலளவு திறந்து, டிக் சத்தத்துக்குக் காது கொடுத்து, முதலில் பெரிய நட்டையும் பிறகு சிறிய நட்டையும் திருப்புவார். முதல் டிக்கை அவர் நம்ப மாட்டார். புது ரப்பர் படிந்து பழகும்வரை அழுத்தத்தை ஏற்றி இறக்கிப் பார்த்து, முள் ஒரே இடத்தில் வந்து நின்ற பிறகே தீக்குச்சி முனையால் சிவப்புப் பெயின்டைத் தொட்டு வைப்பார். அவசரப்பட்டு ஒரு நாள் நானாகப் பெயின்ட் வைத்துவிட்டதற்கு, அன்று மாலைவரை அவர் என்னோடு பேசவில்லை.

டாங்குக்குக் காற்றடித்த பிறகு, புது ஸ்விட்ச் ஒன்றை வாங்கி, பெட்டியிலிருந்து எடுத்தபடியே மாட்டுங்கள்.