வாசகர் கேள்வி – பதில்: நாயின் கல்லறையும் விடுதிக்காரரின் ஆவியும்

கேள்வி: வேல்ஸ் நாட்டில் பெத்கெலர்ட் என்னும் சிற்றூருக்குச் சென்றுவந்த என் மகள், அங்கே ஒரு வேட்டைநாயின் கல்லறை இருப்பதாகவும், அதன் கதை நம் கீரிப்பிள்ளைக் கதையைப் போலவே இருப்பதாகவும் சொல்கிறாள். அது உண்மையில் நடந்ததா? அவ்வூரில் பேய்க்கதைகளும் உண்டா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் கதை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வட வேல்சை ஆண்ட லிவெலின் என்னும் இளவரசர், ஒருநாள் வேட்டையிலிருந்து திரும்பியபோது, தொட்டில் கவிழ்ந்து கிடப்பதையும், தம் நாய் கெலர்ட்டின் வாயில் இரத்தம் வழிவதையும் கண்டு, குழந்தையை அது கொன்றுவிட்டதென்று எண்ணி வாளால் குத்திவிட்டார். நாய் அலறிச் சாய்ந்த பிறகே தொட்டிலின் அடியிலிருந்து குழந்தையின் அழுகுரல் கேட்டது. பக்கத்தில் செத்துக் கிடந்தது ஓர் ஓநாய்.

ஆனால் கல்லறையின் வயது இளவரசரின் காலத்தை எட்டாது. 1793-ஐ ஒட்டித் தென் வேல்சிலிருந்து அவ்வூருக்கு வந்து விடுதி நடத்திய டேவிட் பிரிச்சர்டு என்பவர், பயணிகளை ஈர்ப்பதற்காக ஊரார் சிலரின் துணையோடு அந்தக் கல்லை நட்டார் என்பதே ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் முடிவு. ‘பெத்’ என்றால் வேல்ஸ் மொழியில் கல்லறை; ஊரின் பெயரிலுள்ள கெலர்ட், பழங்காலத்துத் துறவி ஒருவராக இருக்கலாம். பெயர் ஏற்கெனவே ஊரில் இருந்தது, விடுதிக்காரர் அதற்கு ஒரு நாயைக் கொடுத்தார்.

அதனால் கதையே அவருடைய கற்பனை என்று சொல்லிவிட முடியாது. உங்கள் மகள் நினைத்தது சரிதான்: பஞ்சதந்திரத்துக் கீரியும் வேல்சின் நாயும் ஒரே கதையின் இரு வடிவங்கள், வழியில் கீரி நாயாகவும் பாம்பு ஓநாயாகவும் மாறின. நம் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையிலும் இக்கதை வருகிறது. கீரியைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணைக் கணவன் கைவிட்டுச் செல்ல, கோவலன் அவளுக்காகத் தானம் செய்து பாவம் நீக்கி, கணவனோடு சேர்த்து வைக்கிறான். கொன்றவளின் பிற்கால வாழ்வையும் எண்ணிப் பார்த்தது இந்த வடிவம் என்பதால், எனக்கு இதுவே உயர்ந்ததாகப் படுகிறது.

பேய்க்கதையும் உண்டு, பேயாக வருபவர் அதே பிரிச்சர்டுதான். உயில் எழுதாமல் 1821-இல் இறந்த அவர், விடுதியைச் சுற்றி இரவில் நடமாடுவதாக ஊரில் பேச்சு எழுந்ததாம். பழைய வேலையாள் ஒருவன் துணிந்து நின்று கேட்டபோது, மதுக்கூடத்து அடுப்புக்கல்லின் அடியில் நூறு கினிப் பொற்காசுகள் இருப்பதை மனைவியிடம் தெரிவிக்கும்படியும், அவற்றுள் இரண்டை அவனே கூலியாகப் பெற்றுக்கொள்ளும்படியும் ஆவி சொன்னதாம். செத்த பிறகும் கணக்கில் பிசகாத மனிதர்! அந்த நூறில் எத்தனை, நாயின் கல்லறையைக் காண வந்தவர்கள் தந்தவை என்பதை மட்டும் ஆவி சொல்லவில்லை.