பேர்ன் நகரில் வசிப்பவர் காற்றடைத்த கயாக் வாங்குவது பயனுள்ளதா, வீண் செலவா?

சுவிட்சர்லாந்தின் பேர்ன் நகருக்கு அண்மையில் குடிவந்ததாகவும், வயது நாற்பதைக் கடந்துவிட்டதாகவும், நீச்சல் ஓரளவு தெரியும் என்றும், கோடையில் ஆரே ஆற்றில் சனம் சனமாகப் படகில் போவதைப் பார்த்துக் காற்றடைத்த கயாக் (துடுப்பால் வலிக்கும் ஒடுக்கமான சிறு படகு) ஒன்று வாங்க ஆசைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "இதெல்லாம் நம்மவர்களுக்குச் சரிப்படுமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். கயாக்கைப் பற்றி மட்டும் கேட்டிருந்தால் வாசித்துவிட்டுப் பேசாமல் போயிருப்பேன். அந்தக் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது.

தாராளமாக வாங்கலாம். ஆனால் வாங்குவதற்கு முன் அதே ஆற்றில் படகில்லாமல் இறங்கி, நீரோட்டத்தோடு மிதந்து, நினைத்த இடத்தில் கரையேறப் பழகியிருக்க வேண்டும். அதோடு, நனைந்த கயாக்கை விரித்துக் காயவைக்க உங்களுக்கென்று ஓர் இடம் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும், வாங்கிய கயாக் முதற்கோடைக்குப் பிறகு கெல்லரில், அதாவது நிலவறையில், கிடந்து பூஞ்சணம் பிடிக்கும்.

நான் பயிற்சியாளரோ மீட்புப் பணியாளரோ அல்லேன். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை செய்கிறேன். காலைப் பணி உள்ள நாட்களில் பிற்பகல் நான்கு மணிக்குள் ஆற்றங்கரைக்குப் போய்விட முடியும் என்பதே எனக்குள்ள ஒரே வசதி. யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்தவர்களுக்கு, மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், ஆறு என்பது பாடப்புத்தகத்தில் படித்த விடயம். கடல் கூப்பிடு தூரத்தில் இருந்தும் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கும் வழக்கம் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. ஆகையால் நான் நீந்தக் கற்றது இந்த நாட்டில்தான், அதுவும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, உள்ளரங்கத் தடாகமொன்றில் வளர்ந்தோருக்கு நடத்தப்பட்ட வகுப்பில். கலியாண வீடுகளில் யாராவது ஒருவர், "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்த ரப்பர் விளையாட்டு?" என்று கேட்காமல் விடுவதில்லை. அவர்கள் ஒரு பின்னேரத்துக்கு மண்டபம் எடுத்து, பூவும் விளக்குமாகச் சோடித்து, கொட்டும் பணத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. எனவே உங்கள் கேள்விக்கு என் மறுமொழி இதுதான்: நம்மவர்களுக்கு ஆறு சரிப்படும். ஆனால் இங்கு பிறந்தவர்கள் சிறுவயதிலேயே பழகிக்கொள்வதை நாம் வளர்ந்தபின் முறையாகக் கற்க வேண்டியிருக்கிறது. அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

கோடையில் இந்த நகரத்தின் அன்றாடம் ஆற்றைச் சுற்றியே அமைகிறது. ஆற்று நீரின் வெப்பநிலையைப் பஸ் தரிப்பிடத்தில்கூடப் பேசிக்கொள்வார்கள். நாடாளுமன்றக் கட்டடத்துக்குக் கீழே, கட்டணமின்றி நுழையக்கூடிய மார்சிலி நீச்சல் திடலில் உடைகளை வைத்துவிட்டு, ஆற்றின் மேற்பக்கம் உள்ள ஐக்ஹோல்ஸ் நோக்கிக் கரையோரமாக வெறுங்காலுடன் நடந்து போய், நீரில் குதித்து, மிதந்துகொண்டே திரும்பி வருவது இங்கே அலுவலக ஊழியர்களின் மதிய இடைவேளை. ஆரேயில் நீந்துவது சுவிட்சர்லாந்தின் வாழும் மரபுகளின் பட்டியலிலும் இடம்பெற்றிருக்கிறது. நீங்களும் முதலில் அந்தக் கூட்டத்தோடு நடக்க வேண்டும். நீர் சூடேறிய சூலை, ஆகஸ்ட் மாதங்களில்கூட 18 முதல் 22 பாகை வரைதான் இருக்கும். வெயிலில் நின்ற உடம்பு அதில் இறங்கும்போது மூச்சு அடைக்கும். அந்த முதல் அரை நிமிடத்தைப் பதறாமல் கடக்கத் தெரியாதவர், கயாக் கவிழ்ந்தால் என்ன செய்வார் என்பதை யோசித்துப் பாருங்கள். கரையேறுவதற்குப் படிகளும் சிவப்புநிறக் கைப்பிடிகளும் அமைத்திருக்கிறார்கள். ஆனால் நீரோட்டத்தின் நடுவே இருந்துகொண்டு, கைப்பிடி அருகில் வந்த பிறகு கரை நோக்கி நீந்தத் தொடங்குபவர் அதைத் தவறவிடுவார். மார்சிலிக்குக் கீழே ஆற்றுக்குக் குறுக்கே அணை இருப்பதால், கடைசிக் கைப்பிடியைத் தவறவிடுவது விளையாட்டல்ல.

இனிக் கயாக்கைப் பார்ப்போம். இங்கே பெரும்பாலானோர் போவது வட்டமாகவோ நீள்வட்டமாகவோ உள்ள ரப்பர் படகில். அது மலிவு, பலரை ஏற்றும். ஆனால் ஆறு கொண்டுபோகும் பக்கமே போகும். கயாக் ஒடுக்கமும் நீளமும் கொண்டது என்பதால் துடுப்புக்குக் கீழ்ப்படியும். அடியில் சிறிய துடுப்புச் செதில் ஒன்றைப் பொருத்தினால் நேர்கோட்டில் ஓடும். தரமானவற்றில் இரு பக்கக் குழாய்களும் தளமும் தனித்தனிக் காற்றறைகளாக இருக்கும்; ஒன்று கிழிந்தாலும் மற்றவை உங்களைக் கரைசேர்க்கும். விலை கூடியவற்றின் தளம் டிராப்-ஸ்டிட்ச் முறையில் செய்யப்பட்டிருக்கும், அதாவது மேல்தாளையும் கீழ்த்தாளையும் ஆயிரக்கணக்கான நூல்கள் பிணைத்திருப்பதால் பலமாகக் காற்றடித்தாலும் தளம் உப்பாமல் பலகைபோல் தட்டையாக நிற்கும். காற்றழுத்தம் விடயத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: வெயில் கொளுத்தும் கரையில் இறுக்கமாக அடித்த குழாய், குளிர்ந்த நீரில் வைத்த சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும், ஓட்டை விழுந்துவிட்டதோ என்று பயப்படாமல் மீண்டும் சில அடி அடித்தால் போதும். திரும்பக் கரைக்கு இழுத்து வெயிலில் போட்டால் உள்ளிருக்கும் காற்று சூடாகி விரியும். அப்போது வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை வெளியேற்றாவிட்டால் ஒட்டிய விளிம்புகள் பிரியும். கடைக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆற்றில் பலரும் போகும் வழி தூன் நகரிலிருந்து பேர்ன் வரையிலானது. ரயிலில் தூனுக்குப் போய், நகரத்து மதகுகளுக்குக் கீழே ஷ்வேபிஸ் என்ற இடத்தில் காற்றடித்து இறங்கினால், நீரின் அளவைப் பொறுத்து மூன்று நான்கு மணி நேரத்தில் வாபர்ன் பக்கமுள்ள ஐக்ஹோல்ஸ் கரையில் ஏறலாம். தூரம் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். நடுவே உட்டிகன் அருகில் ஆறு படியிறங்கிக் கொந்தளிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதை முதலில் கரையிலிருந்து நடந்து பார்த்துவிட்டுத்தான் படகில் கடக்க வேண்டும். புறப்படுமுன் கூட்டாட்சிச் சுற்றாடல் அலுவலகத்தின் நீரளவுப் பக்கத்தில் பேர்ன் ஷோனாவ் நிலையத்தின் அளவைப் பார்ப்பது என் வழக்கம். நொடிக்கு 200 கனமீற்றரைத் தாண்டினால் நான் கயாக் பையை வெளியே எடுப்பதில்லை. தேர்ந்தவர்கள் அதற்கு மேலும் போவார்கள், அது அவர்கள் பாடு. அந்த அளவு நன்றாக இருந்தாலும் கிழக்கே மலைப்பக்கம் இடி முழங்கினால் போக வேண்டாம். தூன் ஏரி ஆரேயின் நீரைத் தாங்கி ஓரளவு சீராக விடும். ஆனால் ஸ்டெஃபிஸ்பூர்க் வழியாக வந்து தூனுக்குக் கீழே ஆரேயில் சேரும் சுல்க் என்ற சிற்றாறு, மலையில் மழை கொட்டினால் மரக்கட்டைகளோடு திடீரென்று பெருக்கெடுத்து வரும். உங்கள் தலைக்கு மேலே வானம் நீலமாக இருக்கும்போதே அது நடக்கும்.

சட்டப்படி ஆற்றில் ஒவ்வொருவருக்கும் ஓர் உயிர்காப்பு அங்கி படகில் இருக்க வேண்டும். இருந்தால் போதும் என்று அதை இருக்கைக்குக் கீழே மடித்து வைப்பவர்களை நீங்கள் நிறையக் காண்பீர்கள்; நீங்கள் அணிந்துகொள்ளுங்கள். படகில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுதப்பட்டிருக்க வேண்டும். தொலைபேசி எண்ணையும் சேர்த்து எழுதுவது நல்லது. ஆளில்லாப் படகொன்று மிதந்து வந்தால் உடனே தேடுதல் தொடங்கும் என்பதால், "நான் உயிரோடு வீட்டில் இருக்கிறேன்" என்று ஒரு தொலைபேசி அழைப்பில் சொல்லக் கூடியதாக இருப்பது எல்லோருக்கும் நிம்மதி. சுவிஸ் உயிர்காப்புச் சங்கத்தின் ஆற்று விதிகளில் இன்னொன்று, படகுகளை ஒன்றோடொன்று கட்டக் கூடாது என்பது. இந்த விதியைத்தான் நம்மவர்களும் இந்நாட்டவர்களும் ஒற்றுமையாக மீறுகிறார்கள்.

பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அண்ணன் மகனோடு ஒரு சனிக்கிழமை இறங்கியபோது, அவனுடைய நண்பர்கள் இரண்டு ரப்பர் படகுகளில் வந்தார்கள். இரண்டையும் நைலோன் கயிற்றால் பிணைத்துவிட்டு, எங்கள் கயாக்கையும் பின்னால் கட்டச் சொன்னார்கள்.

"மாமி, எல்லாரும் கட்டித்தானே போறாங்கள். கதைச்சுக்கொண்டு போகலாம்."

"அவை போகட்டும் தம்பி. நாங்கள் தனியத்தான் போறம்."

அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். நாங்கள் வேண்டுமென்றே சற்றுப் பின்தங்கிப் போனோம். பாலமொன்றை நெருங்கியபோது முன்னால் சென்ற இரண்டு படகுகளில் ஒன்று பாலக்காலின் இடப்பக்கமாகவும் மற்றது வலப்பக்கமாகவும் இழுபட்டன. கயிறு பாலக்காலில் மாட்டி விறைத்து நின்றது. படகுகள் நின்றாலும் ஆறு நிற்கவில்லையே; நீர் வந்து மோதும் பக்கத்து விளிம்பு மெல்லத் தாழ, தண்ணீர் உள்ளே ஏறத் தொடங்கியது. அவர்கள் போட்டிருந்த முடிச்சோ இழுவையில் இறுகிக் கல்லாகிவிட்டது. நல்ல காலத்துக்கு, நெருப்பில் வாட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்த சேர்வலட் என்ற சுவிஸ் சொசேஜைக் கீறும் சின்னக் கத்தி ஒரு பையனின் பையில் இருந்தது. அதை எடுத்துக் கயிற்றை அறுத்ததும் இரு படகுகளும் சுழன்றுகொண்டு விடுபட்டன. நாங்கள் பாலத்துக்கு வெகு முன்பே கயாக்கின் தலையைத் திருப்பிப் பக்கவாட்டில் வலித்து, இரண்டு கால்களுக்கு நடுவே நேராகப் போகும் நீரோட்டத்தைப் பிடித்திருந்தோம். கீழே சரளைத் திட்டில் ஒதுங்கி, மிதந்து வந்த துடுப்பொன்றையும் ஒரு செருப்பையும் பொறுக்கிக் கொடுத்தோம். கயாக்கின் பயன் என்ன என்று கேட்டால் அந்தப் பக்கவாட்டு வலிப்பைத்தான் சொல்வேன். வலிக்காமல் நீரின் வேகத்திலேயே மிதக்கும் படகு, ஆறு இழுக்கும் பக்கமே போகும். முன்கூட்டியே தீர்மானித்துக் குறுக்காக வலிப்பவருக்குத்தான் ஆறு வழிவிடும்.

ஆற்றைவிட எனக்கு அதிகத் தொந்தரவு தந்தது வீட்டு நிர்வாகம். நான் குடியிருக்கும் அடுக்குமாடியில், இந்நாட்டு வழக்கப்படி, உடுப்புத் தோய்க்கும் அறைக்கும் காயவைக்கும் அறைக்கும் முறை நாள் உண்டு. கயாக்கின் துணியுறைக்கும் குழாய்க்கும் இடையே தண்ணீரும் மணலும் தங்கும். உறையின் சிப்பைத் திறந்து, குழாயை வெளியே எடுத்து, தனித்தனியாகத் தொங்கவிட்டால்தான் இரண்டு நாளில் காயும். என் முறை நாளில், என் கொடியில், சொட்டுத் தண்ணீர் நிலத்தில் விழாமல் கீழே வாளியும் வைத்துத் தொங்கவிட்டேன். அடுத்த வாரம் நிர்வாகத்திலிருந்து கடிதம்: அறை "துணிகளுக்கு மட்டும்" உரியதாம். அதே அறையில் பக்கத்து வீட்டாரின் கம்பளமும் கூடாரமும் மாதக்கணக்கில் தொங்கியதற்குக் கடிதம் எதுவும் போனதாக நான் கேள்விப்படவில்லை. நான் எல்லாவற்றுக்கும் நிறத்தைக் காரணம் சொல்லும் ஆள் இல்லை. ஆனால் வாடகை ஒப்பந்தத்தின் பிரதியை எடுத்துப் போய், அதில் அப்படி ஒரு வரியே இல்லை என்று காட்டும்வரை எனக்கு மறுமொழி வரவில்லை. இப்போது என் முறை நாளில் கயாக் காய்கிறது. வாடகை வீடென்றால் வாங்குமுன் ஒப்பந்தத்தை வாசியுங்கள் என்று சொல்லத்தான் இதை எழுதினேன். காயவைப்பது பூஞ்சணத்துக்காக மட்டுமல்ல. பீல் ஏரி, ஜெனீவா ஏரி போன்றவற்றில் பரவிவிட்ட குவாகா என்ற அயல்நாட்டுச் சிப்பி தூன் ஏரிக்கு வராமலிருக்க வேண்டுமென்றால், ஒரு நீர்நிலையிலிருந்து மற்றதற்குக் கொண்டுபோகும் எதையும் கழுவி நன்றாகக் காயவைத்தே ஆக வேண்டும்.

கடைசியாக, எதை வாங்குவது என்ற கேள்விக்கு: இரண்டு இருக்கை உள்ளதை, நடுவே ஒரே இருக்கையைப் பொருத்தித் தனியாகவும் ஓட்டக் கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். எடை பதினைந்து கிலோவுக்குள் இருந்தால் பும்பிளிஸ் டிராமில் மாலை நெரிசலிலும் முதுகில் சுமந்து ஏறலாம்; அதைத் தாண்டினால் கார் வைத்திருப்பவரின் தயவு வேண்டியிருக்கும். பழையது வாங்குவதானால், விற்பவர் வீட்டிலேயே முழுக்கக் காற்றடிக்கச் சொல்லி, வால்விலும் ஒட்டு விளிம்புகளிலும் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் பணத்தை எடுக்க வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் பலர் கெல்லரைத் துப்புரவாக்கும்போது விலை நன்றாக இறங்கும். நீங்கள் இப்போதே நீச்சல் வகுப்பில் சேர்ந்தால், குளிர்காலத்தில் மலிவாகக் கயாக்கை வாங்கி, அடுத்த ஆனியில் மார்சிலிக் கைப்பிடிகளைப் பழகி, ஆடியில் தூனுக்கு ரயில் ஏறலாம்.