மின்சாரத்தை மிச்சப்படுத்தச் சொல்லும் விதிகளே, புது வீட்டில் 24 மணி நேரமும் காற்றோட்ட ஃபேன் ஓடட்டும் என்கின்றனவே! ஜன்னலைத் திறந்தால் போதாதா?

புது வீடு கட்டிக்கொண்டிருக்கும் நீங்கள் கேட்ட கேள்வி இது. முரண் மாதிரிதான் தெரியும். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் நினைத்தேன். புது வீடுகளில் காற்றோட்ட அமைப்பு சொன்னபடி ஓடுகிறதா என்று அளந்து அறிக்கை கொடுப்பது என் தொழில். அதனால் கொஞ்சம் சார்போடுதான் பேசுவேன், சொல்லிவிட்டேன்.

பழைய வீடுகளுக்குக் காற்றோட்டம் என்று யாரும் தனியாகத் திட்டம் போட்டதில்லை. கதவுக்கும் நிலைக்கும் நடுவே சந்து, கூரையும் சுவரும் சேரும் இடத்தில் இடைவெளி, சரியாகச் சாத்தாத ஜன்னல் என்று வீடு தானாகவே மூச்சு விட்டது. காற்று அடிக்கிற நாளில் அளவுக்கு மேல் வரும், அசையாத நாளில் வரவே வராது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு குளிர்நாடுகளில் இந்தச் சந்துகளை அடைக்கத் தொடங்கினார்கள். சூடாக்கிய காற்று ஓட்டை வழியே போவது, காசு போவது என்று அப்போதுதான் உறைத்தது. 1977இல் கனடாவின் ரெஜைனா நகரில் கட்டிய மாதிரி வீட்டிலேயே, இறுக்கமான சுவர்களோடு, வெளியேறும் காற்றின் சூட்டை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றும் பெட்டியையும் வைத்துவிட்டார்கள். 1991இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் குடியேறிய முதல் பாஸிவ் ஹவுஸும் (சூடாக்க மிகக் குறைந்த ஆற்றலே தேவைப்படும்படி கட்டும் வீடு) அப்படித்தான். இறுக்கமும் இயந்திரமும் ஆரம்பம் முதலே ஜோடி. பின்னால் வந்த பலர் இறுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

எவ்வளவு இறுக்கம் என்பதை ப்ளோயர் டோர் சோதனை சொல்லும். வாசலில் ஒரு பெரிய ஃபேனைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்குவோம். ஐந்து மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம், அவ்வளவுதான். அந்த அழுத்தத்தில் பழைய வீட்டின் காற்று மணிக்குப் பத்து, பதினைந்து தடவைகூட மாறிவிடும். பாஸிவ் ஹவுஸ் வரம்பு 0.6 தடவை. அமெரிக்க வீட்டுக் கட்டட மாதிரி விதித்தொகுப்பு 2012 பதிப்பிலேயே ஒரு கோடு கிழித்தது: சோதனையில் 5 தடவைக்குக் கீழே போனால் முழு வீட்டுக்கும் இயந்திரக் காற்றோட்டம் கட்டாயம். ஆற்றல் விதி ஒரு கையால் மூடச் சொல்கிறது, காற்றோட்ட விதி மறு கையால் திறக்கச் சொல்கிறது என்று கேலி செய்வார்கள். தற்செயலான ஓட்டையை அடைத்துவிட்டு, அளவு தெரிந்த ஓட்டையை வைக்கிறார்கள் என்பதே சரி.

அந்த ஃபேன் எவ்வளவு தின்கிறது? அமெரிக்கக் குளிரூட்டல், காற்றோட்டப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 62.2 தரநிலைக் கணக்கு எளிது: ஒரு சதுர மீட்டருக்கு விநாடிக்கு 0.15 லிட்டர், அதோடு படுக்கையறை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டி 3.5ஆல் பெருக்கி வரும் லிட்டர். 100 சதுர மீட்டரில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு விநாடிக்கு 25.5 லிட்டர், மணிக்குச் சுமார் 92 கன மீட்டர். வெளியே 0 டிகிரி, உள்ளே 20 டிகிரி என்றால், அந்தக் காற்றைச் சூடேற்ற ஓயாமல் 600 வாட்டுக்கு மேல் வேண்டும். சூட்டில் 80 சதவீதத்தைத் திரும்பப் பிடிக்கும் பெட்டி வைத்தால் அது 125 வாட் ஆகிவிடும். காற்றை உள்ளே தள்ள ஒன்று, வெளியேற்ற ஒன்று என்று பெட்டியில் இருக்கும் இரண்டு ஃபேனும் சேர்ந்து 40 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 40 கொடுத்து 500 வாங்குகிறோம். குளிர்நாட்டில் முரண் இங்கேயே தீர்ந்தது.

வெப்பமும் ஈரமும் மிகுந்த இடத்தில் கணக்கு வேறு. வெளியே 32, உள்ளே 25 என்றால் வித்தியாசம் 7 டிகிரிதான், சூடு பெரிய விஷயமில்லை. ஈரம்தான் எமன். வெளிக்காற்றின் ஈரப்பதம் 75 சதவீதமாக இருந்தால், அதே 92 கன மீட்டர் காற்றோடு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக உள்ளே வருகிறது. அதை ஏசி பிழிந்து வெளியேற்ற வேண்டும். இங்கே ஈரத்தையும் பரிமாறிக்கொள்ளும் வகைப் பெட்டி வேண்டும், சூட்டை மட்டும் பரிமாறுவது போதாது. அதுவும் உள்ளே வரும் ஈரத்தைக் குறைக்குமே தவிர அறையை உலர்த்தாது. விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

சரி, ஜன்னல். ஜன்னல் நல்ல சாதனம்தான், திறந்திருந்தால். இந்தியாவின் வீடுகளுக்கான ஆற்றல் விதியான ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018, வெப்ப ஈரப் பகுதிகளில் திறக்கக்கூடிய ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் குறைந்தது 16.66 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது. புத்திசாலித்தனமான விதி. வருடத்தில் பெரும்பகுதி ஜன்னல் திறந்தே வாழ முடிந்து, வெளியே புகையும் இரைச்சலும் இல்லையென்றால் இயந்திரத்துக்குச் செலவழிக்காதீர்கள். என் பிழைப்பில் நானே மண் போடுகிறேன், பரவாயில்லை.

சிக்கல் இரவில் வருகிறது. ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. இது தெரியாதவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். என் படுக்கையறையிலேயே ஒரு ராத்திரி கார்பன் டை ஆக்சைடு மீட்டரை வைத்துப் பார்த்தேன். இரண்டு பேர், கதவு ஜன்னல் சாத்தி, ஏசி. படுக்கும்போது 600 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 600 பங்கு), விடியும்போது 2,400. அந்த அளவில் அந்த வாயு விஷம் இல்லை. ஆனால் அறைக்காற்று மாறவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி. நல்ல காற்றுக்கு 1,000 என்ற எல்லையை மியூனிக்கில் சுகாதார அறிஞர் பெட்டன்கோஃபர் 1858லேயே சொல்லிவிட்டார். காலையில் தலை கனப்பதற்குத் தலையணையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

ஆனால் இயந்திரம் வைத்துவிட்டாலே காற்று வந்துவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஒரு புது வீடு. குடிவந்து ஆறே மாதத்தில் அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம். காகிதத்தில் விநாடிக்கு 26 லிட்டர், எல்லாக் கையெழுத்தும் பக்கா. இயந்திரம் அணைந்து கிடந்தது. அந்த வீட்டுப் பெரியம்மா, "ராத்திரி பூரா தலைக்கு மேல முனகிட்டே இருக்கு தம்பி, யாரு தூங்கறது? அதான் அணைச்சுட்டோம்" என்றார். ஓடவிட்டு அளந்தேன். 9 லிட்டர். ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்துப் பார்த்தால் காற்று போகும் வளையும் குழாயான டக்ட், பீமுக்கு அடியில் சப்பாத்தி மாதிரி நசுங்கியிருக்கிறது. ஃபில்டரில் ஜிப்சம் தூசி அப்பியிருந்தது, சுவரைத் தேய்க்கும்போதே இயந்திரத்தை ஓடவிட்டிருக்கிறார்கள். அடைபட்ட குழாயில் முக்கி முக்கித் தள்ளியதால்தான் அந்த முனகல். அவர் அணைத்ததில் தப்பே இல்லை.

என் ஆதங்கம் இதுதான். ஆற்றல் மதிப்பெண் கணக்கில் ஆய்வகத்தில் அளந்த திறனைப் போட்டு மார்க் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்குள் மாட்டிய பிறகு ஒவ்வொரு அறையிலும் எத்தனை லிட்டர் வருகிறது என்று பார்ப்பதைக் கேட்டால்தான் செய்கிறார்கள். எனவே கேளுங்கள். அறைவாரியாக அளந்த எண் வேண்டும், "ஓடுது சார்" என்கிற பதில் வேண்டாம். பெட்டியைப் படுக்கைக்கு மேல் மாட்ட விடாதீர்கள். ஃபில்டரை ஏணி இல்லாமல் நீங்களே கழற்ற முடிகிற இடமாக இருக்கட்டும், ஏறி இறங்க வேண்டுமென்றால் ஒருவரும் மாற்றப்போவதில்லை. அடுப்புக்குத் தனி ஹூட், புகை நேராக வெளியே போகிற மாதிரி. எண்ணெய்ப் பிசுக்கு இந்தப் பெட்டிக்குள் போகவே கூடாது. அறைக்கதவுகளுக்கு அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இல்லையென்றால் படுக்கையறையில் விட்ட காற்று குளியலறை எக்ஸாஸ்ட் வரை போக வழியில்லை. தச்சர் அழகாகத் தரையோடு சேர்த்து இழைத்துக் கொடுத்துவிடுவார், முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் வீடு இன்னும் பூச்சு வேலையில்தான் இருக்கிறது என்று கேள்விக்குக் கீழே எழுதியிருந்தீர்கள். நல்ல நேரம். சீலிங் மூடுவதற்கு முந்தின நாள் டக்ட் போகிற வழி முழுவதையும் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பீம் குறுக்கே வரும் இடங்களை இரண்டு கோணத்தில்.