லிங்க்ட்இன்ல ரிப்போர்ட் எழுதித் தரச் சொல்றாங்க, எழுதலாமா?

கேள்வி கேட்டவர் டிசைன் இன்ஜினியர். ஏதோ வெளிநாட்டு கன்சல்டன்சின்னு ஒருத்தர் லிங்க்ட்இன்ல வந்து, உங்க துறை பத்தி ரெண்டு பக்கம் எழுதுங்க, நல்ல பணம் தர்றோம்னு சொல்லியிருக்கார். இதுக்கெல்லாமா உளவுன்னு பேருன்னு கேக்குறார்.

போட்டிக் கம்பெனியோட பேட்டன்ட் படிக்கிறது, அவங்க மெஷின காசு குடுத்து வாங்கி கழட்டிப் பாக்குறது, இதெல்லாம் உளவு இல்லங்க. வெளிய சொல்லக்கூடாதத உள்ள இருக்குற ஆள் மூலமாவோ வேற வழியிலயோ திருட்டுத்தனமா எடுத்தா அது உளவு, செய்றது அரசாங்கமா இருந்தாலும் சரி கம்பெனியா இருந்தாலும் சரி.

ஆனா தொடக்கம் எப்பவும் சாதாரணமாத்தான் இருக்கும், அதத்தான் நீங்க புரிஞ்சுக்கணும். அமெரிக்காவுல விமான இன்ஜின் செய்யுற ஜிஇ ஏவியேஷன் கம்பெனி இன்ஜினியர் ஒருத்தர 2017ல சீனாவுல நான்ஜிங் ஏரோநாட்டிக்ஸ் அண்ட் ஆஸ்ட்ரோநாட்டிக்ஸ் யுனிவர்சிட்டில வந்து பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, போனார், பேசினார், செலவுக்கும் பேச்சுக்கும் சேத்து 3,500 டாலர் குடுத்தாங்க. அங்க அறிமுகமான ஷூ யான்ஜுன்ங்கிறவர் உண்மையில சீன உளவுத்துறை அதிகாரி, சொன்ன பேரே வேற. அடுத்த வருஷம் டிசைன் விவரம் கேட்டார், அப்புறம் ஆபீஸ் லேப்டாப்ல என்னென்ன ஃபைல் இருக்குன்னு லிஸ்ட்டே கேட்டார். அதுக்குள்ள எஃப்பிஐ உள்ள வந்தாச்சு, இன்ஜினியரும் ஒத்துழைச்சார், 2018 ஏப்ரல்ல பெல்ஜியத்துல ஷூ மாட்டினார், 2022ல அவருக்கு 20 வருஷம் தண்டனை. கவனிங்க, முதல்ல கேட்டது வெறும் ஒரு பேச்சுதான்!

உங்களுக்கு வந்தது இன்னும் பழகின ரூட். சிங்கப்பூர்க்காரர் டிக்சன் இயோ போலி கன்சல்டன்சி பேர்ல வேலை விளம்பரம் போட்டு 400க்கு மேல ரெஸ்யூமே வாங்கினார், வேலை பாக்குறவங்க கிட்ட காசு குடுத்து ரிப்போர்ட் எழுத வெச்சார். ரிப்போர்ட்டும், அவங்களுக்குப் பயன்படும்னு தோணின ரெஸ்யூமேயும் சீன உளவுத்துறைக்குப் போச்சு, 2020ல அமெரிக்க கோர்ட்ல ஒத்துக்கிட்டார்.

அதனால எழுதாதீங்க. சாட்ட அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து உங்க மேனேஜர் கிட்டயோ லீகல் டீம் கிட்டயோ இன்னைக்கே குடுங்க, நீங்களா துப்பறியப் போய் அந்த ஆள்கிட்ட பேச்ச வளக்காதீங்க. உங்க கம்பெனி ராணுவத்துக்கு எதாவது சப்ளை பண்ணுதுன்னா விஷயம் ரொம்ப சீரியஸ், 1923ம் வருஷ அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்துல பாதுகாப்பு சம்பந்தப்பட்ட உளவுக்கு 14 வருஷம் வரைக்கும் ஜெயில் இருக்கு. ஏற்கனவே ஏதாச்சும் அனுப்பிட்டீங்கன்னா பயந்து மறைக்காதீங்க, முதல்ல ஒரு வக்கீலப் பாருங்க, அவரோட போய் கம்பெனில சொல்லுங்க.