ஆள் தலையா, மாட்டுத் தலையா?

போன இதழில் பால் விலை பற்றிய கேள்விக்குப் பதில் எழுதும்போது, 'டென்மார்க்கில் 1882-லேயே பால் சொசைட்டி வந்துவிட்டது' என்று போகிற போக்கில் ஒரு வரி போட்டுவிட்டேன். அதுதான் வினை. மஞ்சள் நோயைப் பற்றியும் தென்னையில் வரும் ஈரியோபைட் சிலந்திப்பூச்சி பற்றியும் கேட்கிறவர்கள்கூட இந்தத் தடவை டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டார்கள். கோபி பக்கம் பால் சொசைட்டியில் முப்பத்தொரு வருஷம் செயலாளராக இருந்தவன் நான். தாண்டிய எல்லை வடக்கே குஜராத்தின் ஆனந்த் ஊர், மேற்கே பாலக்காடு. மற்றதெல்லாம் ஓய்வுக்குப் பிறகு படித்தது. சரி, இந்த இதழ் முழுக்கக் குளிர் தேசம்.

கே: அதென்ன 1882? அவர்கள் சொசைட்டியும் நம்ம சொசைட்டி மாதிரிதானா? (அந்தியூரிலிருந்து ஒரு பால்காரர்)

மாதிரிதான், ஆனால் வந்து சேர்ந்த வழி வேறு. டென்மார்க் விவசாயிக்கு முக்கிய வெள்ளாமை தானியம். 1870-களில் அமெரிக்காவிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் கப்பல் கப்பலாகத் தானியம் வந்து இறங்கியதில் விலை படுத்துவிட்டது. ஜெர்மனியும் பிரான்ஸும் சுங்கவரி போட்டுத் தடுத்தன. டென்மார்க் தடுக்கவில்லை. மலிவாக வந்த தானியத்தை வாங்கி மாட்டுக்கும் பன்றிக்கும் போட்டு, வெண்ணெயாகவும் உப்பிட்ட பன்றிக்கறியாகவும் இங்கிலாந்துக்காரனின் காலைச் சாப்பாட்டுக்கு அனுப்பியது. மஞ்சள் விலை விழுந்தால் நம் ஆட்கள் கரும்புக்குத் தாவுவதில்லையா, அப்படி ஒரு தேசமே தாவியது.

ஆனால் நல்ல வெண்ணெய் எடுப்பது அதுவரை பெரிய பண்ணாடிகள் வீட்டு வேலை. அவர்களிடம் மாடு நிறைய. குளிர்ந்த நிலவறை உண்டு, கணக்குப் புத்தகம் உண்டு. நாலு மாட்டுக்காரன் வீட்டு வெண்ணெய் இன்றைக்கு ஒரு மாதிரி, நாளைக்கு ஒரு மாதிரி. நாலு வீட்டுப் பாலை ஒன்றாகச் சேர்த்தால் என்ன என்று கேட்பீர்கள். கறந்த பாலை அசையாமல் வைத்தால்தான் ஏடு மேலே திரண்டு வரும். வண்டியில் குலுங்கி வந்த பாலில் அது ஒழுங்காகத் திரளாது. 1878-இல் ஸ்வீடன் பொறியாளர் குஸ்தாவ் டி லவால் விடாமல் சுற்றும் கிரீம் செப்பரேட்டரைக் கொண்டு வந்தார். ஒரு பக்கம் பாலை ஊற்றிக்கொண்டே இருக்கலாம். ஒரு குழாயில் ஏடு வரும், இன்னொரு குழாயில் ஏடெடுத்த பால் வரும். பால் குலுங்கியிருந்தாலும் பரவாயில்லை. நாலே வருஷத்தில், டென்மார்க்கின் ஜட்லாந்துப் பகுதியில், மேற்குப் பக்கம் ஹ்யெடிங் என்ற சின்ன ஊரில் முதல் கூட்டுறவு வெண்ணெய் ஆலை வந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் நாடு முழுக்க நூற்றுக்கணக்கில்.

விதிகள் கறார். மிஷினுக்கு வாங்கிய கடனுக்கு எல்லோரும் சேர்ந்து ஜாமீன். வீட்டுச் செலவுக்குப் போக மிச்சப் பால் மொத்தமும் சொசைட்டிக்கே. சொசைட்டிக்குக் கொஞ்சம், பக்கத்துத் தனியார் வண்டிக்குக் கொஞ்சம் என்கிற விளையாட்டு கிடையாது. முதலில் எடைக்குத்தான் காசு. கொழுப்புச் சத்தைப் பார்த்துக் காசு கொடுப்பது பின்னால் வந்தது. ஏடெடுத்த பால் அவரவர் கேனிலேயே வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பன்றிக்கும் கன்றுக்கும் ஆகும். இதில் ஒரு வில்லங்கம். எல்லார் பாலும் கலந்த பால் அல்லவா, ஒரு கட்டுத்தரையில் இருந்த காசநோய் எல்லாக் கட்டுத்தரைக்கும் போனது. கடைசியில் 1898-இல், சூடாக்கித்தான் திருப்பித் தர வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

எனக்குப் பிடித்தது ஓட்டு விஷயம். எத்தனை மாடு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. டேனிஷ் மொழியில் ஆளின் தலைக்கும் மாட்டுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஒலியில் இரண்டு சொற்கள். அதை வைத்து 'ஆள் தலையை எண்ணு, மாட்டை எண்ணாதே' என்று சிலேடையாகவே சொல்லிவைத்தார்கள்.

எங்கள் சொசைட்டியிலும் இந்த வழக்கு வந்தது. பொதுக்குழுவில் இருபத்திரண்டு மாட்டுக்காரர் ஒருவர் எழுந்தார். "ஏனுங்க செயலாளரே, ரண்டு லிட்டர் ஊத்தறவனுக்கும் ஒரு ஓட்டு, எனக்கும் ஒரு ஓட்டுன்னா என்னங்க ஞாயம்?" நான் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரே ஓர் எருமை வைத்திருந்த அம்மா, தலையில் போட்டிருந்த முந்தானையை எடுக்காமலே சொன்னார்: "அப்ப உங்க மாடுகளையும் கூட்டியாந்து கையத் தூக்கச் சொல்லுங்க மாமா." கூட்டம் சிரித்த சிரிப்பில் ஆளுக்கு ஓர் ஓட்டு என்ற தீர்மானம் நிறைவேறிவிட்டது. அவர் கோபித்துக்கொண்டு இரண்டு மாதம் தனியாருக்கு ஊற்றினார். தீபாவளி போனஸ் பட்டுவாடாவுக்கு முன்னால் திரும்பி வந்துவிட்டார், அது வேறு கதை.

டென்மார்க்கைப் புகழ்கிறவர்கள் பலரும் ஒன்றை விட்டுவிடுவார்கள். அங்கே வெண்ணெய் கடைவது அதுவரை பெண்களின் வேலை, பெண்களின் கெட்டிக்காரத்தனம். மிஷின் வந்து ஆலை வந்ததும் மேலாளர் நாற்காலியில் பெரும்பாலும் ஆண்கள் உட்கார்ந்துகொண்டார்கள்.

கே: கூட்டுறவு, கூட்டுப் பண்ணை இரண்டும் ஒன்றுதானே? (தாராபுரம் கல்லூரி மாணவி)

இல்லை கண்ணு. எஸ்தோனியா இரண்டையும் பார்த்த நாடு, அதை வைத்தே சொல்கிறேன்.

அங்கே நிலமெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் ஜெர்மன் வம்சப் பண்ணைப் பிரபுக்களிடம் இருந்தது. 1816-இல் வடக்கு எஸ்தோனியாவிலும் 1819-இல் தெற்கிலும் குடியானவர்களை அடிமைக்கட்டிலிருந்து விடுவித்தார்கள். ஆளை விட்டார்கள், காட்டை விடவில்லை, நிலம் பிரபுவுக்கே. நாடு தனியானதும் 1919-இல் நிலச் சீர்திருத்தம் வந்து, பிரபுக்களின் நிலம் சின்னச் சின்னப் பண்ணையங்களாகப் பிரிந்தது. அவர்களும் டென்மார்க் வழியில் கூட்டுறவு ஆலை கட்டி, வெண்ணெயும் பன்றிக்கறியும் ஏற்றுமதி செய்தார்கள்.

அப்புறம் சோவியத் ஆட்சி. 1949 மார்ச்சில் எஸ்தோனியா, லாத்வியா, லித்துவேனியா மூன்றிலும் சேர்த்துச் சுமார் 90,000 பேரைச் சில நாட்களில் ரயிலேற்றிச் சைபீரியாப் பக்கம் அனுப்பினார்கள். குழந்தை, கிழவி என்று பார்க்கவில்லை. 'வசதியான விவசாயி' என்று பட்டியலில் பேர் இருந்தால் போதும். மிச்சமிருந்தவர்கள் அடுத்த சில வாரங்களில் கும்பல் கும்பலாகக் கூட்டுப் பண்ணையில் கையெழுத்துப் போட்டார்கள். பயம்தான் காரணம், வேறென்ன. தான் வளர்த்த மாட்டைத் தன் கட்டுத்தரையிலிருந்து அவிழ்த்துப் பொதுத் தொழுவத்தில் கட்டிவிட்டு வந்தார்கள். வீட்டுக்கென்று ஒரு மாடு வைத்துக்கொள்ள விட்டார்கள்.

கே: அந்த ஊர்களில் நம்மைப் போல் இனிஷியல் உண்டா, கூட்டப் பெயர் (குலப் பெயர்) உண்டா? (காங்கேயம்)

ஐஸ்லாந்துக்காரர்கள் நமக்குப் பங்காளிகள். அங்கே அப்பா பெயர்தான் பின்னால் வரும். பையனென்றால் 'ஸன்', பெண்ணென்றால் 'டோட்டிர்'. கல்யாணம் ஆனாலும் பெண் பெயர் மாறாது. எஸ்தோனியாவில் அடிமைக்கட்டு நீங்கிய பிறகுதான் குடியானவர்களுக்குக் குடும்பப் பெயரே வந்தது. பல இடங்களில் பிரபுவின் ஆட்கள் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். 'தம்' என்றால் கருவாலி மரம், 'கஸ்க்' பூர்ஜ மரம், 'செப்' கொல்லர். நம் கூட்டப் பெயர்களிலும் பறவையும் செடியும் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

கே: அவர்கள் எப்போதும் பணக்காரர்கள். நமக்கு அவர்கள் கதை எதற்கு? (பெருந்துறை)

கோபமாகக் கேட்டிருக்கிறீர்கள், நல்லது.

நம் பக்கம் தாது வருஷப் பஞ்சம் 1876-78. எங்கள் அப்பாரு, அவருடைய அப்பாரு சொல்லக் கேட்டதாகச் சொல்வார்: காட்டுக் கத்தாழைக் கிழங்கை வேகவைத்து, தண்ணீரை ஏழு தடவை மாற்றித் தின்றார்களாம். அதற்குப் பத்து வருஷம் முன்னால் பின்லாந்துக்காரர்கள் பைன் மரத்தின் உள்பட்டையை உரித்துக் காயவைத்து இடித்து, ரை என்ற தானிய மாவில் கலந்து ரொட்டி சுட்டார்கள். 1866-இல் மழையில் வெள்ளாமை போனது. 1867-இல் ஜூன் வரை ஏரிகளில் பனிக்கட்டி உருகவில்லை. லேட்டாக விதைத்தது கதிர் பிடிக்கும்போது செப்டம்பரில் உறைபனி விழுந்து கருகிவிட்டது. 1868 ஒரே வருஷத்தில் 1,30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே சுமார் 18 லட்சம்தான். பசியைவிட, பிச்சைக்கு ஊர் ஊராக நடந்தவர்களோடு கூடவே நடந்த டைபஸ் காய்ச்சல்தான் அதிகம் கொன்றது. பஞ்ச நிவாரணமாகப் ருஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க்குக்கு ரயில் பாதை போட்டார்கள். வேலைக்குப் போன இடத்திலும் சாவு. தாது வருஷத்தில் பஞ்ச நிவாரண வேலையாகப் பக்கிங்காம் கால்வாய் வெட்டியது நினைவு வரவில்லையா?

அந்தப் பஞ்சம் தொடங்கிய 1866-இல் ஓர் ஏழை வீட்டில் பிறந்தவர் மீனா சில்லன்பா. பன்னிரண்டு வயதில் ஃபோர்ஸா ஊர்ப் பஞ்சாலையில் வேலை. அப்புறம் ஆணி ஆலை, அப்புறம் வீட்டு வேலை. வீட்டு வேலைக்காரப் பெண்களுக்குச் சங்கம் நடத்தினார். பின்லாந்தில் 1906-இல் பெண்களுக்கு ஓட்டும், தேர்தலில் நிற்கும் உரிமையும் கிடைத்தன. அடுத்த வருஷம் பாராளுமன்றத்துக்குப் போன 19 பெண்களில் இவரும் ஒருவர். 1926-இல் அந்த நாட்டின் முதல் பெண் அமைச்சர். கோயமுத்தூர் மில்லில் பன்னிரண்டு வயதில் கோன் வைண்டிங் (நூல் சுற்றும் வேலை) போன பெண்களை எனக்குத் தெரியும், என் பெரியம்மா மகளும் அதில் ஒருத்தி. அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் இருமலும் ஒரு சுவர்க் கடிகாரமும். 'எதற்கு' என்ற உங்கள் கேள்விக்கு என்னிடம் இருப்பது இவ்வளவுதான்.

கே: எட்டு ஏக்கர், போர்வெல் தண்ணீர், பத்து மாடு. வயது முப்பத்தாறு. விவசாயி என்றால் பெண் தர மாட்டேன் என்கிறார்கள். உங்கள் குளிர் தேசத்தில் என்ன வழக்கம்? (ஊர் வேண்டாம்)

தம்பி, பழைய ஸ்வீடனில் ஏக்கரை எண்ணுவதோடு விடவில்லை. 1686-ஆம் வருஷச் சர்ச் சட்டப்படி பாதிரியார் ஊரூராக வருவார். ஒரு வீட்டில் எல்லோரையும் கூட்டி உட்காரவைத்து, வேதபாடத்தை ஒப்பிக்கச் சொல்வார், புத்தகத்தை நீட்டி வாசிக்கச் சொல்வார், யாருக்கு எவ்வளவு வரும் என்று பதிவேட்டில் குறித்துக்கொள்வார். பண்ணாடி மகனும் சரி, மாட்டுக்காரனும் சரி. தேறாதவருக்கு நற்கருணை (சர்ச்சில் தரும் அப்பமும் ரசமும்) கிடையாது. நற்கருணை வாங்காதவருக்குக் கல்யாணமும் கிடையாது. ஊருக்கு ஊர் பள்ளிக்கூடம் வேண்டும் என்ற சட்டம் 1842-இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பெரும்பாலோர் வாசிக்கக் கற்றிருந்ததற்கு இந்தப் பயம் ஒரு முக்கியக் காரணம்.

உங்கள் கடிதத்தில் ஏழு எழுத்துப் பிழை. பயப்பட வேண்டாம், அந்தப் பாதிரியார்கள் வாசிக்கத்தான் சொன்னார்கள், எழுதச் சொல்லவில்லை.