துருக்கியின் மெதுவான படங்கள்: கேட்டவர்களுக்குப் பதில்

எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் பதினைந்து வருடமாகப் படம் போடுகிறேன். போன மாதம் துருக்கி இயக்குநர் நூரி பில்கே ஜெய்லான் எடுத்த 'உஸாக்' (2002) போட்டோம். 'தொலைவு' என்று அர்த்தம். இஸ்தான்புல்லில் தனியாக வாழும் புகைப்படக்காரன் மஹ்மூத். ஊரில் ஆலை மூடியதால் வேலை போய், கப்பலில் ஏதாவது கிடைக்குமா என்று தேடி அவன் வீட்டுக்கு வந்து தங்கும் சொந்தக்காரப் பையன் யூசுஃப். கதை அவ்வளவுதான். அதன்பிறகு வந்த கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

சேலத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அரை மணி நேரத்தில் தூங்கிவிட்டேன் அண்ணா. எனக்கு ரசனை இல்லையா?

அப்படியெல்லாம் இல்லை தம்பி. அன்றைக்கு எங்கள் அரங்குக்கு 40 பேர் வந்தார்கள், விளக்கு போட்டபோது 17 பேர் இருந்தார்கள். எழுந்து போனவர்களில் நான் மதிக்கிற வாசகர்களும் உண்டு.

நம் கண் ஒரு வேகத்துக்குப் பழகியிருக்கிறது. ஒரு காட்சி வந்தால் 'சரி, புரிந்தது' என்று உடனே அடுத்ததைத் தேடும். ஜெய்லான் புரிந்த பிறகும் கேமராவை நகர்த்த மாட்டார். 'உஸாக்'கின் முதல் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். பனி மூடிய வயல், தூரத்தில் புள்ளியாக ஓர் ஆள். ஊரைவிட்டுக் கிளம்புகிறான் என்பது பத்து நொடியில் தெரிந்துவிடும். ஆனால் சாலைக்கு வந்து ஒரு வண்டியைப் பிடிக்க அந்தப் பனியில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறது என்பது நம் உடம்புக்கும் தெரிய வேண்டும் என்று நினைக்கிறார். அதற்குத்தான் அந்த நேரம்.

ஒன்று செய்யுங்கள். ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பார்க்காதீர்கள். பகலில், போனை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாருங்கள். படம் ஊமையாக இருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். கடல் அலை, அடுத்த அறை டிவி என்று ஏதோ ஒரு சத்தம் இருந்துகொண்டேயிருக்கும். அப்புறமும் தூக்கம் வந்தால் தூங்குங்கள், தவறே இல்லை.

தோஹாவிலிருந்து: ரூமில் நாலு பேர் இருக்கிறோம் சார். யூசுஃபைப் பார்த்தபோது நான்தான் என்று தோன்றியது. ஆனால் மஹ்மூத் மீதும் கோபம் வரவில்லை. அது ஏன்?

இந்தக் கேள்வியை இரண்டு நாள் மனதில் வைத்திருந்தேன்.

அந்த வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை, பெரிதாகக் கத்துவதுமில்லை. யூசுஃபின் ஷூ நாறுகிறது என்று மஹ்மூத் அதை எடுத்து அலமாரிக்குள் வைக்கிறான். இவ்வளவு சின்னச் சின்ன விஷயங்கள்தான். அப்புறம் பையில் வைக்கும் அந்தப் பழைய கடிகாரம். காணவில்லை என்று மஹ்மூத் தேடுகிறான், யூசுஃபிடமும் கேட்கிறான். தன்னைச் சந்தேகப்படுகிறார் என்று பையனுக்குப் புரிந்து முகம் சுருங்கிவிடுகிறது. பிறகு ஒரு பெட்டிக்குள்ளிருந்து கடிகாரம் கிடைக்கிறது. 'கிடைத்துவிட்டதப்பா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த வீடே வேறு வீடாகிவிடும். மஹ்மூத் சொல்வதில்லை.

ஏன் கோபம் வரவில்லை என்று கேட்டீர்களே, நாமும் சொல்லாமல் விட்ட ஒரு கடிகாரம் எங்கேயோ இருப்பதால்தான் என்று நினைக்கிறேன். மஹ்மூத்தும் ஒரு காலத்தில் ரஷ்ய இயக்குநர் தார்க்கோவ்ஸ்கி மாதிரி படம் எடுக்க ஆசைப்பட்டவன். இப்போது டைல்ஸ் கம்பெனிக்குப் படம் பிடிக்கிறான். விவாகரத்தான மனைவி புதுக் கணவனோடு கனடா போகிறாள். விமான நிலையம் வரை போய், மறைந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறான். அவனுக்கும் ஆள் வேண்டும், ஆனால் ஆள் வந்தால் தாங்க முடியவில்லை.

பிழைப்புக்காக ஊரைவிட்டு இருப்பதற்குத் துருக்கியில் 'குர்பெத்' என்று ஒரு சொல் உண்டு. நாட்டுப்பாடல்களில் அடிக்கடி வரும். வேற்றூர் என்பதோடு அங்கே படும் ஏக்கமும் சேர்ந்த சொல். உங்களுக்கு நான் அதை விளக்க வேண்டியதில்லை.

யூசுஃபாக நடித்த மெஹ்மெத் எமின் டொப்ராக், ஜெய்லானுக்கு உறவுக்காரர். 2002 டிசம்பரில் கார் விபத்தில் இறந்துபோனார். 2003இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் விருதை அவருக்கும் மஹ்மூத்தாக நடித்த முஸஃபர் ஓஸ்தெமிருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ள அவர் இல்லை. இது தெரிந்த பிறகு அந்தப் பையன் கடலோரம் நடக்கும் காட்சிகளை என்னால் பழையபடி பார்க்க முடிந்ததில்லை.

கொழும்பிலிருந்து: 'சிலான்' என்பதா, 'ஜெய்லான்' என்பதா? எங்கள் நாட்டின் பழைய பெயர் போல இருக்கிறதே!

ஜெய்லான். துருக்கி எழுத்தில் 'சி' போலத் தெரிவது 'ஜ' ஒலி. மான் என்று பொருள். உங்கள் நாட்டை அவர்கள் 'செய்லான்' என்பார்கள். ஒலி நெருக்கம் மட்டும்தான்.

மதுரையிலிருந்து: இதெல்லாம் வெளிநாட்டு விருதுக்காக எடுப்பவைதானே? துருக்கிக்காரர்களே பார்ப்பதில்லை என்கிறார்களே!

கூட்டம் குறைவு என்பது உண்மை. 2008இல் வந்த 'ரெஜெப் இவெதிக்' என்ற நகைச்சுவைப் படத்துக்கு 40 லட்சத்துக்கும் மேல் டிக்கெட் விற்றது. ஜெய்லான் படங்கள் அந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது.

ஆனால் விருதுக்காக என்பதை நான் ஏற்க மாட்டேன். துருக்கியில் 'யெஷில்சாம்' என்ற பெரிய வணிக சினிமா இருந்தது. பாட்டு, கண்ணீர், ஏழைப் பெண், பணக்காரப் பையன் என்று நமக்கு நன்றாகத் தெரிந்த உலகம். 1970களின் தொடக்கத்தில் வருடத்துக்கு 200 படங்களுக்கும் மேல் எடுத்தார்கள். டிவி, வீடியோ, 1980 ராணுவப் புரட்சி, பிறகு ஹாலிவுட் கம்பெனிகளின் நேரடி விநியோகம் என்று அடிமேல் அடி விழுந்து அது சரிந்தது. அந்த வெறுமையில்தான் ஜெய்லான் போன்றவர்கள் வந்தார்கள். ஜெய்லான் எலெக்ட்ரிக்கல் எஞ்சினியரிங் படித்தவர், புகைப்படக்காரர். முதல் முழுநீளப் படமான 'கஸபா'வை (1997) அக்கா எழுதிய கதையை வைத்து, சொந்த அப்பா அம்மாவை நடிக்கவைத்து எடுத்தார். 'உஸாக்'கில் வருவது அவருடைய சொந்த ஃபிளாட். விருதைக் கணக்குப் பண்ணுகிறவன் இப்படியா தொடங்குவான்?

2008இல் கானில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியபோது, அதைத் தனிமையான, அழகான தன் நாட்டுக்குச் சமர்ப்பித்தார். படம் பார்க்காதவர்களுக்கும் அந்த வரி மனதில் நின்றது. ஒரு நாட்டையே தனிமையானது என்று சொல்ல எவ்வளவு பிரியம் வேண்டும்!

திருச்சியிலிருந்து ஒரு வாசகி: சிரிக்க எதுவுமே கிடையாதா? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

'ஒரு காலத்தில் அனடோலியாவில்' (2011) பாருங்கள். சிரிப்பும் உண்டு. கொலை செய்தவனைக் காரில் வைத்துக்கொண்டு, புதைத்த இடத்தைத் தேடி போலீஸ், டாக்டர், அரசு வழக்கறிஞர் எல்லோரும் ராத்திரி முழுக்க அலைகிறார்கள். கைதியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு எருமைத் தயிரைப் பற்றி ரொம்பத் தீவிரமாகப் பேசுகிறார்கள்! இதில் கதை எழுதியவர்களில் ஒருவரான எர்ஜான் கெசால் உண்மையிலேயே டாக்டர், இளம் வயதில் இப்படி ஒரு ராத்திரியைப் பார்த்தவர். ஊர்த்தலைவராக நடித்திருப்பவரும் அவரே.

அந்த ஊர்த்தலைவர் வீட்டில் கரண்ட் போய்விடும். அவருடைய மகள் தட்டில் விளக்கை வைத்து எல்லோருக்கும் தேநீர் கொண்டுவருவாள். ஒவ்வோர் ஆணும் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கும்போது, அதுவரை வாய் ஓயாமல் பேசிய அத்தனை பேரும் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொருவரும் எவ்வளவு தனியாக இருக்கிறார்கள் என்பது அந்த விளக்கு வெளிச்சத்தில்தான் தெரிகிறது.

அதே வாசகி: அந்தப் பெண்ணுக்கு ஒரு வசனம்கூடக் கிடையாதா சார்?

நியாயமான கேள்வி, விமர்சகர்களும் கேட்டிருக்கிறார்கள். தொடக்கப் படங்களில் பெண்கள் தூரத்திலிருந்து பார்க்கப்படுகிறவர்கள்தான். எனக்கும் அது குறைதான். பின்னால் மாறுகிறது. 2008 முதல் அவருடைய மனைவி எப்ரு ஜெய்லானும் பல படங்களின் திரைக்கதையில் சேர்ந்து எழுதுகிறார். 2014இல் கானின் முதல் பரிசான தங்கப்பனை விருது பெற்ற 'குளிர்கால உறக்க'த்தில் நிஹால் என்ற பெண் தன் கணவனை நேருக்கு நேர் கேட்பதைப் பாருங்கள். 2023இல் வந்த 'காய்ந்த புற்களைப் பற்றி' படத்துக்காக மெர்வே திஸ்தார் கானில் சிறந்த நடிகை விருதே வாங்கினார். பெண் இயக்குநர் வேண்டுமென்றால் யெஷிம் உஸ்தாஓலு, பெலின் எஸ்மெர் இருவரையும் தேடிப் பாருங்கள். எஸ்மெர் தன் சொந்த மாமாவை நடிக்கவைத்து எடுத்த '11க்கு 10 நிமிடம்', வீடு முழுக்கப் பழைய பொருள்களைச் சேர்த்துவைத்து வாழும் ஒரு பெரியவரின் கதை. எனக்கு மிகவும் பிடித்த படம்.

கோவையிலிருந்து: எனக்கும் அப்பாவுக்கும் அதிகம் பேச்சில்லை. அவரோடு உட்கார்ந்து பார்க்கிற மாதிரி ஏதாவது இருக்கிறதா அண்ணே?

'காட்டுப் பேரிக்காய் மரம்' (2018). மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும், இடையில் ஒரு காபி போட்டுக்கொள்ளுங்கள். மகன் கஷ்டப்பட்டு ஒரு புத்தகம் அச்சடிக்கிறான். அப்பா சூதாடிப் பெயரைக் கெடுத்துக்கொண்ட வாத்தியார், ஊரில் தண்ணீர் வராத ஒரு கிணற்றைத் தோண்டிக்கொண்டிருப்பவர். அந்தப் புத்தகத்தை வீட்டில் யார் உட்கார்ந்து படித்தார்கள் என்பது கடைசியில் தெரியும். அந்த இடம் வரும்போது அப்பா பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். அவரும் உங்கள் பக்கம் பார்க்க மாட்டார். படம் முடிந்ததும் டிவியை உடனே அணைத்துவிடாமல், அவர் எழுந்திருக்கும்வரை அப்படியே விட்டுவிடுங்கள்.